சுவருக்குப் பின்னால் என்ன?

அந்தச் சுவரைப் பார்க்கிறதுல தப்பில்லை தம்பி. அந்தச் செல்லை மட்டும் எடுத்துப் பைக்குள்ள வச்சிருங்க. போட்டோ எடுக்கக் கூடாது. போன மாசம் கல்யாண வேன்ல போன ஒரு வெளங்காத பய சன்னல் வழியா கையை நீட்டி எடுத்துட்டான். மாப்பிள்ளையோட மச்சினன் வேற. வேனை மறிச்சு, முகூர்த்தம் தாண்டுற வரைக்கும் விசாரிச்சாக. அங்கிட்டுப் பொண்ணு மணவறையில உக்காந்து தூங்கிருச்சு. அப்படிப்பட்ட சுவரு இது.

என்ன கேட்டீக? உள்ள என்ன இருக்கா? சரியாப் போச்சு போங்க. அந்த ஒரு கேள்வியைக் கேட்டுத்தான் எங்க ஊரு குட்டிச்சுவராப் போச்சு.

எங்கிட்டுப் போறீக? இந்த பஸ்ஸு கடைசி ஸ்டாப் வரைக்குமா? அப்ப நல்லது. எங்க ஊரு வர்ற வரைக்கும் இந்தச் சுவரும் கூடவே வரும். வெள்ளாங்குறிச்சி. நான் அங்க ரெண்டு தடவை பிரசிடெண்டு. பேரு சாத்தையா. பிரசிடெண்ட் சாத்தையான்னா இந்த ரூட்ல தெரியாத ஆளு கிடையாது. இந்தச் சுவருக்கு உள்ள போயி, கண்ணால பார்த்துட்டு வந்து, இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருகிட்ட வாயைத் திறக்காத ஆளு நான். நாட்டுப்பற்றுன்னா சும்மாவா? கொடியைச் சட்டையில குத்திக்கிட்டா ஆச்சா? வாயை மூடணும் தம்பி, வாயை மூடணும்.

முன்ன இங்க சுவரும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. மேய்ச்சல் பொறம்போக்கு, கொஞ்சம் பட்டா நிலம், நடுவுல ஊருணி. குடிதண்ணி ஊருணி. அதுல கால் கழுவ மாட்டோம், செருப்போட கரை ஏற மாட்டோம். எங்க பக்கம் எம்புட்டு ஆழத்துக்குப் போர் போட்டாலும் உப்புத்தான் வரும். அந்தத் தண்ணியில பருப்பு வேகாது, தலைக்குச் சோப்பு நுரைக்காது. ஊருணித் தண்ணி அப்படியில்லை. இனிக்கும். 'வெள்ளாங்குறிச்சியா, தண்ணிக்குப் பஞ்சமில்லாத ஊரு, பொண்ணைக் குடுக்கலாம்'னு சுத்துப்பட்டுல சொல்லுவாக. அந்த ஊருணியையும் சேர்த்துத்தான் வளைச்சுப்புட்டாக.

பெரிய பெரிய ஆளுகள்லாம் வந்து பள்ளிக்கூடத்துல கூட்டம் போட்டாக. நாட்டுப் பாதுகாப்புக்கு எடம் வேணும்னாக. என்ன கட்டப் போறீகன்னு கேட்டோம். அது ரகசியம்னாக. எம்புட்டுச் செலவுன்னு கேட்டோம். அதுவும் ரகசியம், செலவைச் சொன்னா எதிரிக்குக் கணக்குத் தெரிஞ்சிரும்னாக. எங்க சனங்களுக்கு மொதல்ல பெருமைதான், பொய் சொல்லக் கூடாது. நம்ம ஆடு மேஞ்ச எடத்தைப் பார்த்து இன்னொரு நாட்டுக்காரன் பயப்படப் போறான்னா சும்மாவா? டீக்கடையில உக்காந்து ஆளுக்கொண்ணு உள்ள கட்டினாக. ஒருத்தன் ஏவுகணைன்னான். இன்னொருத்தன் பூமிக்கு அடியில ஒரு பட்டணமே இருக்குன்னான்.

மொத வருசம் சுவரு வந்துச்சு. மறுவருசம் சுவருக்கு மேல கம்பி. அதுக்கு அடுத்து, சுவரு உசரம் பத்தலைன்னு இன்னும் ரெண்டு முழம் தூக்கினாக. அப்புறம் வெள்ளையடிச்சாக. அப்புறம் அந்த வெள்ளை பளிச்சுன்னு தெரியுதுன்னு பச்சை அடிச்சாக. வருசா வருசம் டெல்லியில பட்ஜெட் போடுறப்ப இதுக்குன்னு தொகை ஒதுக்குறதாப் பேப்பர்ல வரும். எம்புட்டுன்னு வராது. ஆனா ஒரு வெடிச் சத்தம் கேட்கணுமே! ஒரு புகை வரணுமே! சாயங்காலமானா உள்ள விசில் ஊதுவாக, அம்புட்டுத்தான்.

இருளாயின்னு ஒருத்தி எங்க ஊருல. எனக்குக் கொழுந்தியா முறை. எங்க வீட்டுக்காரிக்குச் சித்தப்பா மக. புருசன் இல்லை, ஒரு பொம்பளைப் பிள்ளை. அவ நிலமும் உள்ள போயிருச்சு. ஆளு சும்மா இருக்க மாட்டா. வாய்னா வாய், அப்படி ஒரு வாய். என்னைக் கண்டா 'மச்சான், மச்சான்'னு கேலி பண்ணிக்கிட்டே திரிவா. கிராம சபையில எந்திரிச்சு நிப்பா. எங்க ஊருணியில என்னத்தைக் கட்டினாக, எம்புட்டுக்குக் கட்டினாக, ஒண்ணும் கட்டலைன்னா ஊருணியைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்கன்னு கேப்பா.

"ஏத்தா, அது டெல்லி விவகாரம்"னு சொல்லுவேன்.

"டெல்லி விவகாரம்னா டெல்லியில கட்ட வேண்டியதுதானே மச்சான்"ம்பா. சபையே சிரிக்கும். அந்தச் சிரிப்பு அடங்குறதுக்குள்ள, "சரி, நம்ம பஞ்சாயத்துல போட்ட மோட்டாரு என்னாச்சு?"ன்னு எங்கிட்டத் திரும்புவா. அதெல்லாம் நிர்வாக விவகாரம், சபையில பேசக் கூடாதுன்னு சொல்லி உக்கார வச்சிருவேன். எதைக் கேக்கணும், எதைக் கேக்கக் கூடாதுன்னு பொம்பளைக்குத் தெரியணுமில்ல?

அந்த நேரத்துலதான் எம்.பி. எலெக்சன் வந்துச்சு. எங்க கட்சிக்காரரு அண்ணன் இளம்பரிதி நின்னாரு. அப்ப நாங்க எதிர்க்கட்சி. அண்ணன் ஊருக்குள்ள வந்து, இருளாயி பேசுறதைக் கேட்டுட்டு, அவளையே மேடையேத்திட்டாரு. அவ ஊருணியைப் பத்திப் பேசினா. பொம்பளைக அழுதுச்சுக. அதுக்குப் பின்னாடி அண்ணன் மைக்கைப் பிடிச்சாரு பாருங்க, "மறைக்கிறவன் எவனோ அவனே திருடன்! சுவருக்குப் பின்னால் என்ன? பதில் சொல்!"னு ஒரு போடு போட்டாரு. அதையே பிளக்ஸ் அடிச்சோம். தொகுதி பூராம் அதே பிளக்ஸ்தான். ஒரு பக்கம் அண்ணன் பல்லு தெரியச் சிரிப்பாரு, பக்கத்துல பெரிய எழுத்துல 'சுவருக்குப் பின்னால் என்ன?' ஜெயிச்சாச்சு. நல்ல வித்தியாசத்துல ஜெயிச்சாரு.

டெல்லி போனாரு. நாடாளுமன்றத்துல கேட்டாரு, இல்லைன்னு சொல்ல முடியாது. நாட்டு நலன் கருதி வெளியிட இயலாதுன்னு பதில் வந்துச்சு. ஒரு வரி. மறு கேள்வி கேக்குறதுக்குள்ள கூட்டணி மாறிப் போச்சு, நாங்க ஆளுங்கட்சி. அண்ணனை ஏதோ ஒரு கமிட்டியில போட்டாக. கமிட்டியைக் கூட்டிட்டு வந்து இந்தச் சுவருக்கு உள்ள காமிச்சாக. ஊரே கேட்டுக்கு வெளிய காத்துக் கிடந்துச்சு. அண்ணன் வெளிய வந்தாரு, கண்ணுல ஓரமாத் தண்ணி. "பார்த்தேன். சொல்ல முடியாது. ஆனா ஒரு இந்தியனாப் பெருமைப்படுறேன்"னாரு. காரு ஏறிப் போயிட்டாரு. சீ! ஓட்டுக்கு ஒரு நாக்கு, சீட்டுக்கு ஒரு நாக்கு. இவனுகளை எல்லாம் நம்பித்தான் இந்த நாடு நடக்குது.

இல்லை, நான் கட்சியில இருந்து விலகலை. விலகி எங்க போறது?

அதுக்கப்புறம் மழை இல்லை. எங்க அம்மன் அரியநாச்சி. ஆடியில பொங்கல் வச்சு, பொம்பளைக முளைப்பாரி எடுப்பாக. மண்சட்டியில நவதானியத்தை வெதைச்சு, இருட்டுல வளர்த்து, தலையில தூக்கிட்டு ஆத்தா சப்பரத்துக்குப் பின்னாடி வரணும். கடைசியில ஊருணியில கரைக்கணும். தண்ணியில விடுற வரைக்கும் அதைத் தரையில வைக்கக் கூடாது. அதுதான் விரதம். ஊருணி உள்ள போனதுல இருந்து சிமிண்டுத் தொட்டியில போர்த் தண்ணியை நிரப்பிக் கரைச்சுக்கிட்டு இருந்தோம். அந்த வருசம் சாமியாடி ஆடி நின்னு, 'எம் பாதை எங்கடா? எந் தண்ணி எங்கடா? உப்புத் தண்ணியிலயா எம் பயிரைக் கரைக்கிறீக?'ன்னு கேட்டுப்புட்டாரு. சப்பரம் நகர மாட்டேங்குது. ஊரு நடுங்கிப் போச்சு.

நான்தான் போயி, சுவருக்கு உள்ள இருக்கிற ராணுவ ஆபீசரைப் பார்த்தேன். வடக்கத்தி ஆளு. நல்ல மனுசன், டீ குடுத்தாரு. எங்க ஆத்தா பாதையைப் பத்தி, தமிழ் தெரிஞ்ச சிப்பாய் ஒருத்தனை வச்சுச் சொன்னேன். மறு ஆடிக்குள்ள மேலிடத்துல கேட்டு அனுமதி வாங்கிக் குடுத்தாரு. வருசத்துல ஒரு நாள், பழைய பாதையில சப்பரம் உள்ள வந்து அந்தப் பக்க கேட்டு வழியா வெளிய போயிரலாம். ஊருணிக் கரை ஓரமாத்தான் பாதை, ஆனா ஊருணிக்குள்ள இறங்கக் கூடாது. எங்கயும் நிக்கக் கூடாது. முக்கியமா, பாதைக்கு ரெண்டு பக்கமும் ஆள் உசரத்துக்கு மேல திரை கட்டணும். திரைக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு சாமியே பார்க்கக் கூடாது. 'சாமியே'ன்னு சொன்னாரான்னு கேக்காதீக, அந்தச் சிப்பாய் அப்படித்தான் சொன்னான்.

அம்புட்டு நீளத்துக்குத் துணிக்கு எங்க போறது? எங்க மாட்டுக் கொட்டகை மேல அண்ணனோட பிளக்ஸ் கட்டுக் கட்டா மடிச்சுக் கிடந்துச்சு. எடுத்துக் குடுத்தேன். கம்புல கட்டி இளவட்டங்க ரெண்டு பக்கமும் தூக்கிப் பிடிச்சுட்டாக. ஆத்தாளுக்குப் பளிச்சுன்னு இருக்கட்டும்னு, எழுத்து உள்பக்கமா வர்ற மாதிரி கட்டச் சொன்னேன். என்னைக் கேட்டா அது நல்ல யோசனைதான். ஆனா நினைச்சுப் பாருங்க, இந்தப் பக்கமும் 'சுவருக்குப் பின்னால் என்ன?', அந்தப் பக்கமும் 'சுவருக்குப் பின்னால் என்ன?' நடுவுல அரியநாச்சி போறா, ரெண்டு பக்கமும் அண்ணன் சிரிச்சுக்கிட்டே வர்றாரு. முளைப்பாரியோட வந்த இருளாயிக்குச் சிரிப்புத் தாங்கலை. "மச்சான், கேள்வியையே மறைப்பாக் கட்டிட்டீகளே"ன்னா. சாமி கும்பிட வந்த எடத்துல சிரிக்கலாமா?

ஆடிக் காத்துல அம்மியே பறக்கும், பிளக்ஸ் நிக்குமா? ஊருணிப் பக்கம் திரும்புற எடத்துல ஒரு வீச்சு வீசுச்சு. அண்ணன் வாய் இருந்த எடத்துல பிளக்ஸ் கிழிஞ்சு, ஆள் தலை போற அளவுக்கு ஓட்டை. நான் ஒட்டி நடந்து வந்துக்கிட்டு இருந்தேன். மத்த யாரும் பார்த்துறக் கூடாதேன்னு, அதைப் பிடிச்சு மூடப் போனேன். மூடப் போனவன் பார்த்துட்டேன். வேணும்னு பார்க்கலை.

இருங்க, கண்டக்டரு டிக்கெட்டுக் கேக்குறாரு. என்ன தம்பி சிரிக்கிறீக? என்னது? 'போன வாரம் இதே சீட்டுல டீச்சரம்மாகிட்டச் சொன்னப்ப இந்த எடத்துல துண்டை எடுத்துக் கண்ணைத் துடைச்சீகளே பிரசிடெண்டு'ங்கிறாரு. கேலியைப் பாருங்க. டீச்சரம்மா படிச்சவுக, வெளிய சொல்ல மாட்டாக. நீங்களும் படிச்சவுகளாத் தெரியிறீக. அதனாலதான் சொல்றேன். மத்தபடி நான் ஒருத்தருகிட்டயும் வாயைத் திறந்ததில்லை.

வாத்து.

ஆமா தம்பி, வாத்துதான். எங்க ஊருணி தளும்பத் தளும்பக் கிடக்கு. யாரும் மொள்ளாத தண்ணி எப்படி வத்தும்? அதுல வெள்ளை வெள்ளையா வாத்து நீஞ்சுது. ஆபீசரு வீட்டம்மா ஆசையா வளர்க்கிறாகளாம். கரையில பந்து விளையாடுறதுக்கு ஒரு வலை. அங்கிட்டு ஒரு இரும்புக் கொட்டகை, கூரை இல்லை, தூண் பூராம் துரு. அதுக்கு அங்கிட்டு வெறும் பொட்டல். எங்க ஆடு மேஞ்ச அதே பொட்டல். பீரங்கியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இந்த வாத்துக்கா தம்பி சுவரு? இந்த வாத்துக்கா கம்பி, பச்சைப் பெயிண்டு, வருசா வருசம் டெல்லியில தொகை? அந்தத் தொகையெல்லாம் எவன் வயித்துக்குப் போச்சு? ஒருத்தன் ரெண்டு பேருன்னா சரி, கீழ இருந்து மேல வரைக்கும் எல்லாருக்கும் தெரியாமயா இருக்கும்? கமிட்டிக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியும். அவரு கண்ணுல அன்னைக்கு வந்த தண்ணி என்ன தண்ணின்னு அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. த்தூ! உடம்பெல்லாம் கூசுச்சு தம்பி. சாக்கடையை மிதிச்சாக்கூடக் காலைக் கழுவிட்டுப் போயிரலாம். இதை எங்க கழுவுறது?

கத்திச் சொல்லியிருப்பேன். சத்தியமாச் சொல்லியிருப்பேன், வாய் வரைக்கும் வந்துருச்சு. அப்பத் தோள்ல ஒரு கை விழுந்துச்சு. ஆபீசரு. என் கண்ணைப் பார்த்தாரு. சிப்பாயை விட்டுச் சொல்லச் சொன்னாரு. "நீங்க பொறுப்பான ஆளு. அரசாங்கம் உங்களை நம்புது"ன்னாரு. அப்படி ஒரு வார்த்தையை எங்க ஊருல ஒருத்தன் எங்கிட்டச் சொல்லியிருப்பானா? அதுக்கப்புறம் என்ன பேசுறது? திரும்பி நின்னு ஓட்டையை என் முதுகால மறைச்சுக்கிட்டேன்.

ஆனா இருளாயி எனக்குப் பின்னாடியே நின்னுருக்கா. என் தோளுக்கு மேல பார்த்துட்டா.

"மச்சான், தள்ளுங்க"ன்னா. கத்தலை, மெதுவாத்தான் சொன்னா. நான் தள்ளலை. பிளக்ஸைக் கையால பிடிச்சுக் கிழிச்சா. அண்ணன் மூஞ்சி ரெண்டாப் போச்சு. தலையில முளைப்பாரியோட ஊருணிக்குள்ள இறங்கிட்டா. வாத்தெல்லாம் கத்திக்கிட்டுச் சிதறுது. சிப்பாய்க துப்பாக்கியைத் தூக்கிட்டு ஓடியாறாக. இவ இடுப்புத் தண்ணியில நின்னு, முளைப்பாரியைக் கரைச்சு, ஒரு கை தண்ணியை அள்ளிக் குடிச்சா. பின்னாடி நின்ன பொம்பளைக குலவை விட்டாக. எங்க வீட்டுக்காரியும் சேர்ந்து விட்டா. அவகிட்ட நான் அதுக்குப் பின்னாடி ஒரு மாசம் பேசலை.

இருளாயியை அரசாங்க ரகசியச் சட்டத்துல பிடிச்சாக. உளவாளின்னு பேப்பர்ல படம் போட்டாக. முளைப்பாரிச் சட்டிக்குள்ள கேமரா வச்சிருந்தாளான்னு விசாரிச்சாக, தானியம் முளைச்ச சட்டியில! பூட்டின ரூம்புல கேஸ் நடந்துச்சு. நீதிபதி நல்ல கேள்விதான் கேட்டாரு. அந்தப் பொம்பளை பார்த்த ரகசியம் என்னன்னு கேட்டாரு. அரசாங்க வக்கீலு, அதைச் சொன்னா ரகசியம் போயிரும், சொல்ல முடியாதுன்னாரு. இருளாயி கூண்டுல இருந்து, "வாத்து சாமி, வாத்துதான் இருந்துச்சு"ன்னா. வக்கீலு எந்திரிச்சு, அந்த வார்த்தையை எழுதக் கூடாதுன்னு கத்தினாரு. எழுதினதையும் பேனாவால அடிச்சுட்டாக. அன்னையில இருந்து இந்த நாட்டுல வாத்தும் ரகசியம்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டாக. பிரசிடெண்டு, திருவிழாத் தலைவரு, பக்கத்துல நின்னவரு, நீங்க என்ன பார்த்தீகன்னு கேட்டாக. ரூம்பு பூராம் என்னையே பார்க்குது. இருளாயியும் பார்க்குறா. சிரிச்ச மூஞ்சியாத்தான் பார்த்தா, 'மச்சான் சொல்லிருவாரு'ங்கிற மாதிரி. நான் பொய் சொல்லலை தம்பி. ஒரு பொய்யும் சொல்லலை. "முக்கியமான விசயங்கள் இருந்துச்சு. நாட்டு நலன் கருதி நான் சொல்ல விரும்பலை"ன்னேன். அம்புட்டுத்தான் சொன்னேன். அண்ணன் நாடாளுமன்றத்துல வாங்கின பதிலு மாதிரியே வந்து விழுந்துச்சு. வெளிய வந்தப்ப அரசாங்க வக்கீலு கையைப் பிடிச்சுக் குலுக்கினாரு.

அவ ரெண்டு பொங்கலை ஜெயில்லயே கழிச்சா. மகளுக்குப் பேசி வச்சிருந்த மாப்பிள்ளை வீட்டுக்காரக, உளவாளி மகளை எடுக்க முடியாதுன்னு தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிட்டாக. அந்தப் பிள்ளை இன்னைக்கும் வீட்டுலதான் இருக்கு. என்ன ஊரு பாருங்க! ஈவு இரக்கமில்லாத ஊரு. ஒருத்தராவது இருளாயிக்காக ஒரு வார்த்தை பேசினாகளா? எனக்குச் சீன்னு போச்சு.

இதுல கூத்து என்னன்னா, அடுத்த எலெக்சன்ல அண்ணன் எதை வச்சு ஜெயிச்சாருன்னு நினைக்கிறீக? இருளாயியை வச்சுத்தான். அதே திடல், அதே மைக்கு. "ஒண்ணுமில்லாத எடத்துக்கா உளவாளி வருவா? அவ வந்தாங்கிறதே உள்ள இருக்குன்னுதானே அர்த்தம்!"னாரு. சனம் கை தட்டுச்சு. மொதல்ல சுவருக்குப் பின்னால என்னன்னு கேட்டு ஜெயிச்சாரு, அப்புறம் அதைக் கேக்கிறவன் துரோகின்னு சொல்லி ஜெயிச்சாரு. அதோட விட்டாகளா? பாதுகாப்புப் பத்தலைன்னு அடுத்த வருசம் இன்னும் கூடுதலாத் தொகை. அந்தா பாருங்க, கம்பத்துக்குக் கம்பம் கேமரா. எல்லாம் அவ முளைப்பாரி எடுத்த புண்ணியம்.

என்னைத்தான் மூணாவது தடவை தோக்கடிச்சுட்டாக. நன்றி கெட்ட சனம். நான் இதுல ஒரு பைசா பார்த்திருப்பேனா?

என்ன தம்பி, இருமுறீக? இந்த ரோட்டுப் புழுதி அப்படி. இந்தாங்க, என் பாட்டில்ல தண்ணி இருக்கு, குடிங்க. கூச்சப்படாதீக. எப்படி இருக்கு? இனிக்குதில்ல? கடையில காசு குடுத்து வாங்குறீகளே, அதுல இந்த ருசி வருமா?

காதைக் குடுங்க. இதை மட்டும் கண்டக்டருக்குத் தெரியாது, டீச்சரம்மாகிட்டயும் சொன்னதில்லை. அது ஊருணித் தண்ணிதான். கேஸ் முடிஞ்ச கையோட ஆபீசரு கூப்பிட்டு விட்டாரு. ஊரு தண்ணிக்குத் தவிக்குதே, ஏதாவது பார்த்துச் செய்யுங்கன்னேன். பொறுப்பான ஆளுங்கிறதால எனக்கு மட்டும் பாஸ் குடுத்தாரு. எம் மகன் லாரி வச்சிருக்கான். விடியக்காலையில பின்பக்க கேட்டு வழியாப் போயி எடுத்துட்டு வந்து, ஊருக்குள்ள குடத்துக்கு இவ்வளவுன்னு ஊத்துறோம். டீசலுக்கு ஆகணுமில்ல? எங்கிருந்து வருதுன்னு வெளிய சொல்லக் கூடாது, அது பாதுகாப்பு விசயம். வெளியூருக் கிணத்துத் தண்ணின்னு சொல்லி வச்சிருக்கோம். ஊருல பெருசுகளுக்குத் தெரியாமலா இருக்கும்? நாக்குன்னு ஒண்ணு இருக்கே. ஆனா ஒருத்தரும் கேக்க மாட்டாக. கேட்டா லாரி நின்னுரும்னு தெரியும். சேவை தம்பி, இது ஒரு சேவை.

எல்லாரும் வாங்குறாக, இருளாயியைத் தவிர. என்னை அவளுக்கு எதிராச் சாட்சி சொன்னவன்னு நினைக்கிறா போல. மச்சான்னு கூப்பிடுறது நின்னு போச்சு. வெளிய வந்ததுல இருந்து எங்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. என் லாரித் தண்ணி ஒரு சொட்டு அவ வீட்டுக்குள்ள போனதில்லை. பொம்பளைகளுக்கு பஸ்ஸு சும்மாதானே, ரெண்டு குடத்தைத் தூக்கிட்டு இதே பஸ்ல ஏறி மேலூருக்குப் போயி, அங்க பிடிச்சுட்டு வர்றா. வீம்பு. அப்படி ஒரு வீம்பு.

எங்க ஊரு வந்துருச்சு. அந்தா நிக்கிறா பாருங்க, சொன்ன வாய் மூடலை. நான் இறங்குறேன் தம்பி. மனசுல வச்சுக்குங்க, வெளிய விடாதீக.

வழி விடுங்கப்பா, இறங்கிக்கிறேன். ஏத்தா இருளாயி, இந்த வெயில்லயா தண்ணிக்குப் போறே? வாசல்லயே லாரி வருதே. பார்த்தீகளா தம்பி? சன்னலுக்கு வெளிய நிக்கிறேன், இங்க பாருங்க. பதில் சொல்றாளா? என் சீட்டுலயே உக்காந்துட்டா. உங்களுக்குப் பக்கத்துலதான். மூச்சு வாங்குது பாருங்க, அம்புட்டுத் தூரம் நடந்து ஸ்டாப்புக்கு வந்திருக்கா.

தம்பி, என் பாட்டிலு. மறந்துட்டேன், இப்படிக் குடுங்க. ஏங்க, அவகிட்ட ஏன் குடுக்குறீக? அவ எச்சில் படாமக் குடிப்பா, அது இல்லை. அவளுக்கு வேண்டாங்க, அவ குடிக்க மாட்டா. ஏத்தா, அது வேற தண்ணி, நீ மேலூருல போயி நல்லதாக் குடி. ஏய்!

குடிச்சிட்டா.

என்ன இருளாயி? ஏன் வாயிலேயே வச்சிருக்கே? முழுங்கு. வெளியூருக் கிணத்துத் தண்ணி ஆத்தா அது. எல்லாரும் பார்க்குறாக, முழுங்கு. ஏன் கண்ணை மூடுறே? அழுகாதே, பஸ்ஸுல வச்சு அழுகாதே. கண்டக்டரே, விசிலை அடிங்களேன், வண்டியை எடுக்கச் சொல்லுங்க. எம்புட்டு நேரம் நிக்கிறது?

என்னது? சத்தமாச் சொல்லு, கேட்கலை.

கேட்டீகளா தம்பி? இத்தனை வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் மச்சான்னு கூப்பிட்டிருக்கா. "மச்சான், தண்ணியில வாத்து வாடை அடிக்குது"ங்கிறா.

ஏய் இருளாயி! அந்தப் பேச்சை பஸ்ஸுல பேசக் கூடாது! கோர்ட்டே எழுதாத வார்த்தை அது! கண்டக்டரே, நீங்க என்ன சிரிக்கிறீக? ஏப்பா, எல்லாரும் என்னப்பா சிரிக்கிறீக? அது ராணுவ ரகசியம்ப்பா! சீ, என்ன சனங்க இதுக. நாட்டோட ரகசியத்தைக் கேட்டுட்டுச் சிரிக்குதுக.